தலைக்குள் ரத்தக்கசிவு: எப்போது எடுத்த ஸ்கேன், என்ன சொல்கிறது?

இந்தப் பகுதியில் பக்கவாதம் பற்றிய பதில்கள் வெளியானதிலிருந்து, ஸ்கேனைப் பற்றி மட்டும் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் மூளை ரத்தக்கசிவு தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள் கதிரியக்க மருத்துவர் ஒருவரும் மூளை, நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரும்.

கேள்வி: எங்க அய்யாவுக்கு 58 வயது. பல வருஷமாகப் பிரஷர் உண்டு. காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வலது கை துவண்டு, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறியது. உள்ளூர் டாக்டர் ஊசி, மாத்திரை எதுவும் தராமல் "முதலில் சி.டி. எடுங்கள்" என்று மதுரைக்கு அனுப்பிவிட்டார். எடுத்துப் பார்த்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. வந்த உடனே ஒரு ஊசியாவது போட்டிருக்கலாமே, ஸ்கேன்தான் என்றால் நேரே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: அந்த டாக்டர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் அய்யாவுக்கு அவர் செய்த பெரிய உதவியே அதுதான்.

கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது எல்லாம் இரண்டு நேர் எதிரான காரணங்களால் வரும். ஒன்று, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. இன்னொன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது. வெளியிலிருந்து பார்த்து இது அடைப்பு, இது கசிவு என்று எத்தனை அனுபவசாலியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால், 4½ மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். அதே ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் கசிவு பெருக்கெடுத்து உயிரையே எடுத்துவிடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் முதல் சி.டி.யின் வேலை. அதற்கு முன்னால் போடும் "ஏதாவது ஒரு ஊசி" குருட்டடிதான்.

எம்.ஆர்.ஐ.யிலும் கசிவு தெரியும். ஆனால் அதற்கு 20 முதல் 30 நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உடம்பில் பேஸ்மேக்கர், பழைய உலோகத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். வாந்தி எடுக்கிறவர், நினைவு தப்புகிறவர், கையைக் காலை உதறுகிறவரை அந்தக் குழலுக்குள் அரை மணி நேரம் விட்டுவைப்பது ஆபத்து. தலைக்கு எடுக்கும் சாதாரண சி.டி.யில் படம் பிடிக்கும் நேரம் சில விநாடிகள்தான். மேசையில் ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் ஐந்து நிமிஷம். நரம்பில் மருந்து ஏற்றவும் தேவையில்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வரட்டும் என்று அந்த முதல் ஸ்கேனுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தை எழுதாதீர்கள். ராத்திரி படுக்கப் போகும்போது நன்றாக இருந்தாரே, அந்த நேரத்தை எழுதுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தண்ணீர், காபி, கஞ்சி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நெஞ்சுவலிக்குத் தருவதுபோல ஆஸ்பிரின் தராதீர்கள். பிரஷர் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்காதீர்கள், பிரஷர் தடாலென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். விரல் நுனியில் ஊசியால் குத்தினால் பக்கவாதம் சரியாகும் என்று செல்போனில் சுற்றும் செய்தி முழுப் பொய். அதை நம்பி இழந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நிறைய இடத்தில் வெள்ளையாக இருக்கிறது. எல்லாமே ரத்தமா? ரிப்போர்ட்டில் "எச்.யு. 65" என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன கணக்கு?
— வாசகி, மேலூர்

பதில்: முதலில் ஃபிலிமைப் பார்க்கும் முறை. மேசையில் மல்லாந்து கிடக்கும் நோயாளியை அவர் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல அந்தப் படங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதனால் படத்தின் இடது பக்கம் நோயாளியின் வலது பக்கம். வலது கை விழுந்தவருக்குப் படத்தில் வலது ஓரம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, இடம் மாறிவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மாறவில்லை. மூளையின் இடது பாதிதான் வலது கையை ஆள்கிறது. அந்த இடது பாதிதான் ஃபிலிமில் வலப்புறம் தெரிகிறது.

எச்.யு. என்பது ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. எக்ஸ்ரேயை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண். தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. கெட்டியான எலும்பு 1000-ஐ ஒட்டி. மூளைத் தசை 25 முதல் 40 வரை. இப்போதுதான் உறைந்த ரத்தம் 50 முதல் 80 வரை. மூளைக்கும் ரத்தத்துக்கும் உள்ள அந்த இருபது முப்பது எண் வித்தியாசத்தைத்தான் கம்ப்யூட்டர் இழுத்துப் பெரிதாக்கி, சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாகக் காட்டுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது 1971 அக்டோபர் 1-ல், லண்டனில். 1979-ல் ஆலன் கார்மக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றியோ, கழுத்துக் குழாயில் மருந்து செலுத்தியோ, மூளை எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதை வைத்துக் கசிவை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். கசிந்த ரத்தத்தையே கண்ணால் பார்க்க முடிந்தது சி.டி. வந்த பிறகுதான்.

வெள்ளை எல்லாம் ரத்தமா என்றால், இல்லை. சுற்றிலும் வளையமாக இருப்பது மண்டையோடு. நடுவில் சிறு பொட்டாகத் தெரிவது பெரும்பாலும் பீனியல் சுரப்பியில் படிந்த சுண்ணாம்பு. அதற்கு இரு புறமும் ஜோடியாக இருப்பவையும் வயதானால் படியும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு என்றால் எண் பெரும்பாலும் 100-ஐத் தாண்டும், ஓரம் கூர்மையாக இருக்கும், ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் அப்படியே இருக்கும். 65 என்று எழுதியிருப்பது புது ரத்தத்துக்குப் பொருந்துகிற எண்.

வடிவமும் கதை சொல்லும். மண்டையோட்டுக்கும், மூளையைப் போர்த்திய வெளிச்சவ்வுக்கும் இடையில் தேங்கிய ரத்தம், உடைக்காத மைசூர்ப் பருப்பைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல இரு புறமும் உப்பி நிற்கும். எலும்புகள் சேரும் தையல் கோட்டில் சவ்வு இறுக ஒட்டியிருப்பதால் அந்தக் கோட்டைத் தாண்டிப் பரவாது. சவ்வுக்குக் கீழே தேங்கினால் பிறை நிலா மாதிரி மூளையைத் தழுவிக்கொண்டு நீளும், அதற்குத் தையல் கோடு தடையில்லை. பிரஷரால் வெடித்தது என்றால் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் புட்டாமென், தலாமஸ், பான்ஸ், சிறுமூளை ஆகிய இடங்களில் திட்டாக இருக்கும். அறுபது எழுபது வயதுக்கு மேல், பிரஷரே இல்லாதவருக்கு மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கசிந்திருந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று யோசிப்போம்.

நம் பக்கத்துப் பெண்களுக்காக இன்னொன்று சொல்ல வேண்டும். ரத்தத்துக்கு அந்த வெள்ளையைக் கொடுப்பது ஹீமோகுளோபின். அது 8, 9 கிராமுக்குக் கீழே இறங்கிய ரத்தசோகை உள்ளவருக்குப் புதுக் கசிவுகூட மூளையின் சாம்பல் நிறத்திலேயே தெரியலாம். ஸ்கேனைப் பார்க்கிறவருக்கு ஹீமோகுளோபின் அளவைச் சொல்லிவிட்டால், அவர் வேறு கண்ணோடு தேடுவார்.

கேள்வி: ரிப்போர்ட்டில் ரத்தக்கட்டியின் அளவு 5 × 4 செ.மீ. என்று இருக்கிறது. டாக்டர் 40 மில்லி என்கிறார். எப்படிக் கணக்குப் போட்டார்?
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: கட்டி பெரிதாகத் தெரியும் ஒரு படத்தை எடுத்து நீளம், அதற்குக் குறுக்கே அகலம் இரண்டையும் அளப்பார்கள். எத்தனை படங்களில் கட்டி தெரிகிறது என்று எண்ணிப் படத்தின் தடிமனால் பெருக்கினால் உயரம். 5 மி.மீ. தடிமனில் 8 படங்களில் தெரிந்தால் உயரம் 4 செ.மீ. மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்: 5 × 4 × 4 = 80, அதில் பாதி 40 மில்லி. கட்டியின் கடைசி ஓரம் மட்டும் லேசாகத் தெரியும் படங்களை முழுப் படமாக எண்ணிவிட்டால் கணக்கு ஏறிப்போகும். ஓரப் படங்களை அரையாகவோ, விட்டுவிட்டோதான் எண்ண வேண்டும். வளைந்து நெளிந்த கட்டிகளில் இந்தக் கணக்கு தோராயம்தான்.

அந்த எண் எதற்கு என்றால், 30 மில்லியைத் தாண்டிய கட்டிகளை நாங்கள் வேறு மாதிரி கவனிப்போம். ஆனால் அளவு மட்டும் தீர்ப்பு ஆகாது. சிறுமூளையில் 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும் அவசரம். அங்கே இடம் குறுகல், பக்கத்திலேயே மூச்சை நடத்தும் மூளைத்தண்டு. பெரிய கட்டி ஆழத்தில் இருந்தால் அதைத் தேடிப் போகும் வழியில் நல்ல மூளைக்குச் சேதம் ஆகும் என்பதால் அறுவை வேண்டாம் என்று முடிவெடுப்பதும் உண்டு.

ஸ்கேன் எடுத்த மணியும் முக்கியம். கசிவு ஏற்பட்ட ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, முதல் நாளில், அதிலும் முதல் சில மணி நேரத்தில், கட்டி வளர்கிறது. விழுந்து ஒரு மணி நேரத்தில் எடுத்த ஸ்கேனில் 15 மில்லி என்றால் அது பாதிக் கதையாக இருக்கலாம். 24 மணி நேரம் கழித்து எடுத்ததில் அதே 15 என்றால் பெரும்பாலும் நின்றுவிட்டது என்று நம்பலாம். ரத்தக்குழாய்களைக் காட்ட மருந்து ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோ சி.டி.யில் கட்டிக்குள்ளே பொட்டு மாதிரி மருந்து கசிந்து தெரிந்தால், இன்னும் குழாய் மூடவில்லை, கட்டி வளரும் என்பதற்கு அது அடையாளம். இதற்காகத்தான் இந்த நேரத்தில் மேல் பிரஷரை 140 அளவுக்குக் கொண்டுவர மருந்தை நரம்பில் ஓடவிட்டு, சில நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி: மஞ்சுவிரட்டு பார்க்கப் போன என் தம்பியை மாடு முட்டித் தள்ளியதில் தலை கல்லில் மோதியது. ஒரு நிமிஷம் மயங்கிவிட்டு எழுந்து, டீ குடித்து, நன்றாகத்தான் பேசினான். இருந்தாலும் ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய விரிசலும் கொஞ்சம் ரத்தமும் என்றார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் ஸ்கேன். இது தேவையா, காசு பிடுங்குகிறார்களா?
— வாசகர், நத்தம் சாலை, மதுரை

பதில்: தேவைதான். காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லிசு. அதன் உள்பக்கத்தில் ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிந்தால் அது கிழிகிறது. தமனி என்பதால் அழுத்தத்தோடு பீய்ச்சி, சவ்வை எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே போகும். அடிபட்ட அதிர்ச்சி தெளிந்து ஆள் எழுந்து நன்றாகப் பேசுகிற அந்த நேரம் முழுக்க உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு தலைவலி, வாந்தி, தூக்கம். "அசதியில் தூங்குறான், எழுப்பாதீங்க" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கக் கண்மணி விரிந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இத்தனைக்கும் சரியான நேரத்தில் திறந்து எடுத்துவிட்டால், மூளைக்கு நேரடிச் சேதம் குறைவு என்பதால் ஆள் பழையபடி எழுந்து நடக்கக்கூடிய வகை இது. இதில் ஒருவரை இழப்பதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிற இழப்பு.

உங்கள் தம்பிக்கு முதல் ஸ்கேனிலேயே விரிசலும் ரத்தமும் இருந்ததால், வளர்கிறதா என்று பார்க்க இரண்டாவது ஸ்கேன் நியாயம். 30 மில்லியைத் தாண்டினால் திறந்தாக வேண்டும். சவ்வுக்குக் கீழே உள்ள பிறை வடிவக் கட்டி என்றால் 10 மி.மீ.க்கு மேல் தடிமன், அல்லது நடுக்கோடு 5 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருப்பது, இரண்டில் ஒன்று போதும், அறுவைதான். அதே சமயம், முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்து, ஆள் முழுத் தெளிவோடு இருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடாதவராக இருந்தால், சும்மா மறுபடி எடுக்கத் தேவையில்லை. அப்படிச் சொன்னால் "எதற்கு" என்று தாராளமாகக் கேளுங்கள்.

தலையில் அடிபட்ட ஒவ்வொருவருக்கும் சி.டி. தேவை என்பதில்லை. நினைவு தப்பியவர், நடந்தது மறந்துபோனவர், குழம்பிப் பேசுகிறவரில் கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது: இரண்டு மணி நேரம் கழிந்தும் முழுத் தெளிவு வராதது, இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வடிவது, கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிப்போய் நீலம் பாய்வது, மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்தோ ஐந்து படிக்கு மேலிருந்தோ விழுந்தது, நடந்து போகையில் வண்டி மோதியது. வலிப்பு வந்தாலும், ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிட்டாலும் வேறு எதையும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம், நேரே ஸ்கேனுக்குப் போங்கள். சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. கையில் பணமில்லையே என்று ஊரிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் "தலையில் இடி விழுந்த மாதிரி இருக்குடி" என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நான்கு நாள் ஓட்டினோம். கழுத்து வலி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் சி.டி. நார்மல். ஆனாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்கேனே நார்மல் என்ற பிறகு அது எதற்கு? இடுப்பு போய்விடும் என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, திருமங்கலம்

பதில்: தயவுசெய்து இன்றே சம்மதியுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அலுவலகம் மூலமாக உங்களைத் தொடர்புகொள்ளச் சொல்லியிருக்கிறோம். இங்கே எழுதுவது மற்ற வாசகர்களுக்காகவும்.

ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போன, வாழ்நாளில் வராத தலைவலி என்றால், மூளையின் அடியில் ரத்தக்குழாயில் உப்பிய சிறு குமிழ் வெடித்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த ரத்தம் கட்டியாக ஓர் இடத்தில் நிற்காது. மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து மெல்லிய படலமாகப் பரவும். சி.டி.யில் மூளைக்கு அடியிலுள்ள, வழக்கமாகக் கறுப்பாகத் தெரியும் நட்சத்திர வடிவ இடைவெளி வெள்ளையாகிவிடும். நல்ல கருவியில், தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து, பழகிய கண் பார்த்தால் ஏறக்குறைய எதுவும் தப்பாது. ஆனால் அந்த மூளைநீர் தேங்கிக் கிடப்பதில்லை. மொத்தம் 150 மில்லிதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அதாவது ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் நீர் மாறுகிறது. கசிந்த ரத்தத்தை அதுவே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு வாரம் கழிந்தால் பாதிப் பேருக்குத்தான் சி.டி.யில் தெரியும். அதனால் ஐந்தாம் நாள் நார்மல் என்பதை வைத்து, முதல் நாள் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லவே முடியாது.

முதுகு நீரில் சாட்சி இருக்கும். சிவப்பணு உடைந்து உண்டாகும் மஞ்சள் நிறம் கசிவு ஏற்பட்டு 12 மணி நேரத்தில் தெளிவாகத் தெரியத் தொடங்கி, இரண்டு வாரம் வரை நிற்கும். ஊசி போடும்போதே ஒரு சிறு ரத்தக்குழாயில் பட்டு ரத்தம் கலந்தால், சோதனைக் குழாயைச் சுழற்றியதும் மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கும். பழைய கசிவு என்றால் மேல் நீரே மஞ்சளாக இருக்கும். ஊசி போடும் இடம் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் முடிந்த பிறகு, இடுப்பெலும்பு உயரத்தில். அங்கே தண்டுவடம் இல்லை, நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். இடுப்பு போகாது. ஒன்றிரண்டு நாள் தலைவலி வரலாம்.

மஞ்சள் தெரிந்தால் அடுத்து ஆஞ்சியோ சி.டி., தேவைப்பட்டால் தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம். வெடித்த குமிழ் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் நாளில்தான் உச்சம், அதற்குப் பிறகும் வாரக் கணக்கில் நீடிக்கும். மறு வெடிப்பு முதல் வெடிப்பைவிடக் கொடியது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரைகளில் சில ரத்தம் உறைவதையும் குறைக்கும், அவற்றை இனித் தொடாதீர்கள்.

கேள்வி: எங்க அப்பத்தாவுக்கு 78. ஒரு மாதமாக ஞாபகம் தப்புகிறது, நடை தள்ளாடுகிறது, ஒரு பக்கச் செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. வயசாச்சு என்று விட்டுவிட்டோம். இப்போது சி.டி.யில் "பழைய ரத்தம்" என்று வந்திருக்கிறது. விழவே இல்லையே?
— வாசகர், சோழவந்தான்

பதில்: நன்றாக விசாரித்துப் பாருங்கள். நாலைந்து வாரத்துக்கு முன் நிலைப்படியில் இடித்துக்கொண்டதோ, குளியலறையில் வழுக்கி உட்கார்ந்ததோ இருக்கும். வயதாக ஆக மூளை சுருங்குகிறது. மூளையிலிருந்து சவ்வுக்குப் போகும் மெல்லிய சிரைகள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. சிறு குலுக்கலே போதும், ஒன்று அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். சிரை என்பதால் வேகம் இல்லை. காலி இடம் இருப்பதால் உடனே அழுத்தமும் இல்லை. கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் உருவாகி, அதிலிருந்தே மறுபடி மறுபடி கசிந்து பெருகும்.

படத்தில் இதுதான் அதிகம் ஏமாற்றுகிற வகை. முதல் சில நாள் வெள்ளை. பிறகு தினம் எச்.யு. கணக்கில் ஒன்றரை எண் அளவுக்கு வெளுப்பு இறங்கும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். அதன் பிறகு மூளையைவிடக் கறுப்பு. அந்த நடு வாரங்களில் எடுத்த சி.டி.யைச் சட்டென்று பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், நடுக்கோடு நகர்ந்திருப்பதும், அந்தப் பக்க மூளை மடிப்புகள் எலும்பு வரை வந்து சேராமல் உள்ளே தள்ளி நிற்பதும் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சம அளவில் இருந்தால் நடுக்கோடும் நகராது. 78 வயது மூளையில் மடிப்புகளுக்கு இடையே தாராளமாக இடைவெளி தெரிய வேண்டும். அது தெரியாமல் "இளமையான" மூளையாகத் தெரிந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். எம்.ஆர்.ஐ. இந்த இடத்தில் உண்மையான உதவி. ரத்தத்தின் இரும்பு, நாள்பட நாள்பட வேறு வேறு வேதிநிலைக்கு மாறுவதை அது பிரித்துக் காட்டும்.

இது முதுமை மறதி அல்ல, சரிசெய்யக்கூடியது. மண்டையோட்டில் ஒன்றோ இரண்டோ சிறு துளை போட்டு எஞ்சின் ஆயில் நிறத்தில் இருக்கும் அந்த நீரை வடித்தால், பலருக்குச் சில நாளிலேயே நடையும் பேச்சும் திரும்புகிறது. ஓரிரு மாதத்துக்குள் மறுபடி சேரலாம் என்பதால் இடையில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அப்பத்தா எக்கோஸ்பிரினோ (ஆஸ்பிரின்), இதய வால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அசிட்ராமோ சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அசிட்ராம் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து, வைட்டமின் கே-யும் பிளாஸ்மாவும் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் துளை போட முடியும். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். வால்வு அடைத்துக்கொள்ளும். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை, 1.2 கிலோ. இன்குபேட்டரில் வைத்தபடியே தலையில் வயிற்று ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்கள். சி.டி. எடுக்க வேண்டாமா?
— வாசகி, தேனி

பதில்: வேண்டாம். உச்சிக்குழி திறந்திருக்கும் வரை அதுவே எங்களுக்கு ஜன்னல். ஒலி அலை எலும்பைத் துளைக்காது, உச்சிக்குழியைத் துளைக்கும். கதிர்வீச்சு இல்லை, குழந்தையை இடம் மாற்றவும் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளைநீர் அறைகளை ஒட்டிய பகுதியில் குழாய்கள் மிக மெலிசு. பெரும்பாலான கசிவு பிறந்த முதல் மூன்று நாளில் நடக்கிறது. அதனால் முதல் வாரத்தில் பார்த்து, பிறகும் சில வாரம் தொடர்ந்து பார்ப்பார்கள். கசிவில் முதல் நிலை அந்தப் பகுதியோடு நிற்பது, இரண்டாம் நிலை அறைக்குள் இறங்கியது, மூன்றாம் நிலை அறை விரிந்தது, நான்காம் நிலை பக்கத்து மூளையிலும் ரத்தம் தெரிவது. முதல் இரண்டு நிலைக் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறார்கள். வாரம் ஒருமுறை தலைச் சுற்றளவை அளந்து எழுதி வாருங்கள்.

கேள்வி: தலைக்கு சி.டி. எடுத்தால் கேன்சர் வருமா? கர்ப்பிணிக்கு எடுக்கலாமா?
— வாசகி, அவனியாபுரம்

பதில்: ஒரு தலை சி.டி.யில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையில் எல்லோரும் ஓர் ஆண்டில் வாங்குவது உலக சராசரியில் 2.4. கசிவு சந்தேகம் இருக்கும்போது இந்தக் கணக்கைப் பார்த்துத் தயங்கவே கூடாது. கர்ப்பிணிக்குத் தலையில் எடுக்கும்போது வயிற்றுக்குப் போய்ச் சேரும் அளவு மிக மிகச் சொற்பம், எடுக்கலாம். குழந்தைகளுக்கு மட்டும், காரணம் இல்லாமல், பெற்றோரின் பயத்துக்காக எடுக்கக் கூடாது.

கேள்வி: மூக்குத்தி கழலவில்லை. அதற்காக ஸ்கேன் எடுக்காமல் காத்திருந்தோம். சரியா?
— வாசகி, அலங்காநல்லூர்

பதில்: சி.டி.க்குக் காத்திருக்கவே வேண்டாம். உலோகத்திலிருந்து கோடு கோடாகக் கிளம்பும் கறைகள் அது இருக்கும் மட்டத்தில்தான் படத்தைக் கெடுக்கும். மூக்குத்தி பெரும்பாலும் மூளைப் படங்களுக்குக் கீழேயே நின்றுவிடும். ஹேர்பின், தோடு, கிளிப்பைக் கழற்றிவிடுங்கள், அவைதான் நேராக மூளையின் குறுக்கே கோடு போடும். எம்.ஆர்.ஐ. என்றால் எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டும். படத்தைக் கெடுப்பதில் நகையைவிடப் பெரிய எதிரி அசைவு. தலையை ஆட்டினால் எலும்பின் வெள்ளை மூளை மேல் இழுபட்டு, இல்லாத கசிவு இருப்பதாகவும் காட்டும், இருப்பதை மறைக்கவும் செய்யும். காது எலும்புகளுக்கு நடுவே மூளைத்தண்டு இருக்கும் இடத்தில், அசையாவிட்டாலும் எலும்பின் தடிப்பால் கறுப்புப் பட்டை விழும். அங்கே சி.டி. கொஞ்சம் பலவீனம்தான்.

கேள்வி: ஃபிலிமைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பெரிய டாக்டருக்கு அனுப்பினோம். "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?
— வாசகர், பேரையூர்

பதில்: இல்லை, பொறுப்போடு சொல்லியிருக்கிறார். ஃபிலிமில் அச்சாவது ஒரே ஒரு வெளிச்ச அமைப்பு. மூளையைப் பார்க்க எச்.யு. 40-ஐ நடுவில் வைத்து 80 எண் அகலத்துக்குள் கறுப்பு முதல் வெள்ளை வரை பரப்புவார்கள். அந்த அமைப்பில் 80-க்கு மேல் எல்லாமே ஒரே வெள்ளை. எலும்பை ஒட்டி மூன்று நான்கு மி.மீ. தடிமனில் ஒட்டிக்கிடக்கும் ரத்தம், எலும்பின் வெள்ளையோடு கலந்து காணாமல் போகும். கம்ப்யூட்டரில் அந்த அகலத்தை 200-க்கு மேல் விரித்தால் எலும்பு தனியாகவும் ரத்தம் தனியாகவும் பிரியும். இன்னும் பல மடங்கு விரித்தால் எலும்பின் விரிசல் தெரியும். இதில் ஒரு செல்போன் படம், அதுவும் பின்னால் டியூப்லைட் அடித்து, விரல் நிழல் விழுந்து, 5 மி.மீ. தடிமன் படங்கள் இருபது ஒரே தாளில் என்றால், பெரிய கட்டி தெரியும், சின்னது தெரியாது. "ஒன்றுமில்லை" என்று சொல்லத்தான் அது உதவாது.

ஸ்கேன் எடுத்த இடத்தில் குறுந்தகடோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள். "மெல்லிய படங்களும் சேர்த்து, எலும்புப் படங்களும் சேர்த்து" என்று சொல்லிக் கேளுங்கள். தாலுகா மருத்துவமனையிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாற்றும்போது ஃபிலிம், தகடு, ரிப்போர்ட் மூன்றையும் ஆம்புலன்ஸில் நோயாளியோடு கூட வருகிறவர் கையில் வைத்திருக்கட்டும். பின்னால் பைக்கில் வருகிற மைத்துனரிடம் கொடுத்துவிட்டு, அவர் வந்து சேரும்வரை மறு ஸ்கேனா, காத்திருப்பதா என்று நாங்கள் தவிக்கும்படி ஆகிறது. ஃபிலிமின் மேல் ஓரத்தில் ஸ்கேன் எடுத்த மணி அச்சாகியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே, அடிபட்ட அல்லது கை விழுந்த மணியைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.